இருமுவதற்கும் அனுமதி கேட்டவர்

முதல் நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அவர் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, கொஞ்சம் இருமிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, பதிலுக்காகக் காத்திருந்தார். "இருமுங்க அக்கா" என்று நான் சொன்ன பிறகுதான் இருமினார். அதுவும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு.

நான் தாதி இல்லை. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரித் தாதிகளைத்தான் மிஸ்ஸி என்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டு மேசைப் பக்கம் நிற்கும் எந்தப் பெண்ணும் அவருக்கு மிஸ்ஸிதான். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டுத் தட்டச்சுப் பழகி, ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் அடிபட்ட பெண்களும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்களும் அங்கே வருவார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. ஒருவன் இரண்டாவது மனைவி கட்டக்கூடாது என்று புதுச் சட்டம் வந்து, ஊரில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தை நடத்தியவர் ஒரு சீனப் பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், இங்கிலாந்தில் போய் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். நாங்கள் மேடம் என்போம். அவருக்கு ஆங்கிலமும் கடைத்தெரு மலாயும் வீட்டில் பேசும் ஹொக்கியன் சீனமும் தெரியும். தமிழ் தெரியாது. தமிழ்ப் பெண்கள் வந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் வேலை.

அக்காவை எங்களிடம் அனுப்பியது ஓர் ஆஸ்பத்திரித் தாதி. மணிக்கட்டு எலும்பு முறிந்து மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார் என்றும், மூன்று தடவையும் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார் என்றும் அந்தத் தாதி எழுதியிருந்தார். கடிதத்தைக் கையில் கொடுத்து இந்த விலாசத்துக்குப் போ என்று சொன்னதால் வந்தார். போ என்று சொன்னால் போகிறவர், இரு என்று சொன்னால் இருக்கிறவர். புதன்கிழமை பத்து மணிக்குத் திரும்ப வரச் சொன்னோம். வந்தார். கையில் மாவுக்கட்டு இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள முடிந்தது; கட்டுப் பிரித்த பிறகும் அதே சாக்குத்தான்.

எதற்கும் கேட்பார். நாற்காலியில் உட்காரக் கேட்பார். உட்கார்ந்த பிறகு பையைத் தரையில் வைக்கக் கேட்பார். தெருவில் சாவு ஊர்வலம் போய் மேளமும் தாளமும் காதைப் பிளந்தபோது, சன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு நாள் சாரல் உள்ளே அடித்து அவருடைய தோள் முழுக்க நனைந்துவிட்டது. மேடம் அறையை விட்டுப் போனபோதுதான் நான் கவனித்தேன்.

"நனையுறீங்களே அக்கா, நாற்காலியத் தள்ளிப் போட்டிருக்கலாம்ல?"

"மேடம் பேசிட்டிருந்தாங்க மிஸ்ஸி. குறுக்க எப்படிக் கேக்குறது?"

அரைமணி நேரம் நனைந்திருக்கிறார்.

மாவுக்கட்டு இல்லாத கையில் நான்கு கண்ணாடி வளையல்கள் போட்டிருந்தார். அவற்றைக் கறுப்பு நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். கேட்டபோது, "சத்தம் வரும் மிஸ்ஸி. அவரு ஷிப்டு முடிச்சு வந்து தூங்குவாரு" என்றார். அதோடு நிற்கவில்லை. பானையின் வாய்க்கும் மூடிக்கும் நடுவில் துணி வைப்பாராம். வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது அடியில் துண்டு போட்டுவைப்பாராம். எங்கள் கட்டடத்து மரப்படியில் யார் ஏறினாலும் மேல்மாடி முழுக்கக் கேட்கும். அக்கா ஏறினால் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்பார், உள்ளே வரலாமா என்ற கேள்வி முகத்தில் இருக்கும். ஆனால் கீழே இரும்புக் கடையில் ஒரு குழாயோ தகடோ விழுந்துவிட்டால் போதும். உடம்பெல்லாம் குறுகி, கட்டுப் போட்ட கை தானாகத் தலைக்கு மேலே போய்விடும். அந்தக் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்பார்.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நான் அவரை ஏற்கெனவே பார்த்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. சிராங்கூன் ரோடு பக்கத்துக் கோவிலில் அன்னதானம் நடக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறுவார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கம்மா, பசிக்கும்" என்று என் இலையிலும் சாதம் வைத்திருக்கிறார். நல்ல குரல். அந்த மனிதர்தான் இவர் என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேடம் செய்த வேலைக்கு அப்போது தமிழில் பெயர் இல்லை. ஆலோசனை என்று சொல்லிவைத்தேன். அதுவே முதல் தவறு. அக்கா ஆலோசனைக்காகக் காத்திருந்தார். கோவில் பெரியவர், கொழுந்தனார், பக்கத்து அறைக்காரி என்று எத்தனையோ பேர் அவருக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். பொறுத்துப் போ, எதிர்த்துப் பேசாதே, அவருக்குப் பிடித்ததைச் சமை. இந்த அம்மாவும் ஏதாவது சொல்வார், கேட்டுக்கொண்டு போகலாம் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மேடமோ எதுவும் சொல்வதில்லை. கேள்வி கேட்பார், பிறகு பேசாமல் இருப்பார். முதல் மூன்று புதன்கிழமைகளும் பெரும்பாலும் இரும்புச் சத்தத்தைக் கேட்டபடி மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்கே சலிப்பாக இருந்தது. மேடத்திடம் சொன்னேன். "அவரிடம் யாரும் காத்திருந்ததே இல்லை. அது அவருக்குப் பழகட்டும்" என்றார்.

நான்காவது வாரம் அக்கா தானாகச் சொன்னார். "போன வாரம் சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு. அதான்."

அதான் என்று சொல்லிக் கன்னத்தைத் தொட்டார். அங்கே பச்சையாகக் கன்றியிருந்தது. எந்த அடியைப் பற்றிச் சொன்னாலும் முதலில் தன் தப்பைச் சொல்லி, அதான் என்று முடிப்பார். மகள் பாப்பாவுக்குச் சளி, இருமிக்கொண்டே இருந்தது, அதான். தபால்காரனிடம் பேசினேன், அதான்.

மேடம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "மத்த வீடுகள்ல சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னா என்ன செய்வாங்க?"

இதில் ஏதோ பொறி இருக்கிறது என்பதுபோல அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். கீழே லாரி வந்து நின்றது, கம்பிகளை இறக்கினார்கள், லாரி போய்விட்டது.

"தண்ணி ஊத்துவாங்க" என்றார்.

பிறகு அழத் தொடங்கினார். அழுவதற்கு மட்டும் அவர் அனுமதி கேட்கவில்லை.

மொழிபெயர்க்கும்போது "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது என்பது மேடத்தின் விதி. நான் என்று அவர் சொன்னால் நானும் நான் என்றே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஆகவே அக்கா சொல்லச் சொல்ல, கல்யாணமாகாத நான், என் கணவர் என்னை இடுப்பு வாரால் அடித்தார், என் தலைமுடியைப் பிடித்துப் படியில் இழுத்தார், ஏழாம் மாதத்தில் வயிற்றில் உதைத்தார் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். முதல் பிள்ளை அப்படித்தான் போனது. அதை ஆங்கிலத்தில் சொன்ன அன்று எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க அந்தப் பாஷையில சொல்லும்போது, வேற யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு மிஸ்ஸி" என்றார். "அந்தப் பொண்ணப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு."

இதை மேடத்திடம் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அக்காவிடம் கேட்கச் சொன்னார், அந்தப் பெண்ணை நீங்கள் தெருவில் பார்த்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள் என்று.

"உன் மேல தப்பு இல்லடின்னு சொல்லுவேன்."

"அத அவகிட்டச் சொல்லுங்க அக்கா."

அவரால் அன்று சொல்ல முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சொன்னார். தலையைக் குனிந்து, வாய்க்குள்ளே, தன் மடியைப் பார்த்துச் சொன்னார்.

வாரம் ஒரு காரியம், சின்னக் காரியம், யாரையும் கேட்காமல் செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று மேடம் அவருக்கு ஒரு வீட்டுப்பாடம் வைத்தார். பல வாரம் வெறுங்கையோடு வந்தார். ஒரு புதன்கிழமை வாசலிலேயே நின்றுகொண்டு, கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி, "செஞ்சுட்டேன்" என்றார்.

எனக்குப் பதறிவிட்டது. "என்ன அக்கா செஞ்சீங்க?"

"தேக்கா மார்க்கெட்டுல, மலாய்க்காரம்மா வாழைப்பழம் பொரிச்சு விக்கிறாங்கள்ல, பிசாங் கோரேங். ரெண்டு வாங்கி அங்கயே நின்னு தின்னுட்டேன். பாப்பாவுக்குக்கூட எடுத்துட்டுப் போகல."

நான் மொழிபெயர்த்ததும் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சூடாக இருந்ததா என்று கேட்டார். "நாக்கு சுட்டுப்போச்சு" என்றார் அக்கா. அவரும் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அதை மறைக்கக் கையை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் கையை நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் பெரிதாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். அந்த அறையில் இருந்தவர்களுக்கு இது பெரிது. அதற்குப் பிறகு ஒரு நாள் கீழே கனமான குழாய் ஒன்று விழுந்தது. நானே துள்ளிவிட்டேன். அக்கா பாப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. இன்னொரு புதன்கிழமை படியில் யாரோ வருகிற சத்தம் கேட்டது, கூடவே வளையல் சத்தம். நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான்.

எட்டாவது மாதம் அவர் வீட்டைவிட்டு வந்தார். நாங்கள் சொல்லவில்லை. ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு துணிப்பையோடு வந்து, "இனிமே அங்க போகல. எங்கயாவது இடம் பாத்துக் குடுங்க" என்றார். கேள்வியே இல்லாத வாக்கியம். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்தில் மேடம் இடம் வாங்கிக் கொடுத்தார். அங்கே சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது அக்கா பாடுகிறார் என்று ஒரு சிஸ்டர் சொன்னார். எங்களால் நம்ப முடியவில்லை.

இருபத்திரண்டு நாள் அப்படி இருந்தார். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை மகள் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. தகப்பன் போய் அழைத்துக்கொண்டு, புக்கிட் மேராவில் இருந்த தன் தமக்கை வீட்டில் விட்டுவிட்டார். அக்கா அந்த வீட்டு வாசலுக்குப் போனார். நாத்தனார் கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. மறுநாளும் போனார். அன்று அழுகைகூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை என்றார்.

வியாழக்கிழமை கணவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். இரண்டு பெரியவர்களைக் கூட்டி வந்திருந்தார். ஒருவர் கோவில் காரியங்களைப் பார்க்கிறவர். இன்னொருவர் மளிகைக் கடைக்காரர், என் அப்பாவின் சினேகிதர். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"நீ நம்ம அச்சுக்கூடத்துக்காரரு மகதானே? இங்கயா வேல பாக்குற?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு. உங்கப்பாவுக்கு இங்க என்ன நடக்குதுன்னு தெரியுமா?"

நான் அவர்களுக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.

அக்காவை இல்லத்திலிருந்து அழைத்து வந்திருந்தோம். மூன்று நாளாகத் தூங்காத முகம். கணவர் அவருக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்த நல்ல குரலில் பேசினார். "கை நீட்டிட்டேன். தப்புதான். எல்லார் முன்னாடியும் சொல்றேன். பாப்பா சாப்பிட மாட்டேங்குது. அம்மா அம்மாங்குது. நீ வா."

"அதான் மன்னிப்புக் கேட்டுட்டானேம்மா" என்றார் கோவில்காரர். "புள்ள முகத்தப் பாரு."

அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்தார். பல மாதமாக நாங்கள் கேட்காத அந்தக் குரலில், "மேடம், நான் போகலாமா?" என்றார்.

மேடம் எப்போதும் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி எனக்காக நிறுத்துவார். அன்று நிறுத்தவில்லை. அவரும் கலங்கிப்போயிருந்தார். மளமளவென்று சொன்னார். "போ என்றோ போகாதே என்றோ நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமாக மற்றவர்கள்தான் உங்களுக்காக முடிவெடுத்தார்கள், நானும் அதையே செய்யக்கூடாது. ஆனால் நான் பயப்படுகிறேன். திரும்பிப் போனால் இவர் உங்களைக் கொன்றுவிடக்கூடும். குழந்தைக்காக நீதிமன்றம் போகலாம். வக்கீலிடம் பேசிவிட்டேன். நாளாகும், ஆனால் முடியும். ஒவ்வொரு நாளும் நான் உங்களோடு வருவேன். நீங்கள் போனாலும் எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, எந்த நேரமும் திரும்பி வரலாம். முடிவு உங்களுடையது. உங்களால் முடிவெடுக்க முடியும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவர் உங்களைக் கொன்றுவிடக்கூடும் என்பதை அந்த மனிதரின் முன்னால் நான் தமிழில் சொல்ல வேண்டும். மளிகைக் கடைக்காரர் பொறுமையில்லாமல் நாற்காலியைத் தட்டினார். "என்னம்மா சொல்றாங்க, சுருக்கமாச் சொல்லு லா."

நான் சொன்னேன். "உங்க இஷ்டம்கிறாங்க."

தமிழில் அந்தச் சொல்லை நாம் எப்போது சொல்வோம் என்று தமிழர்களுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு கைகழுவும்போது சொல்வோம். இனி எனக்கும் உனக்கும் ஒன்றுமில்லை என்பதற்குச் சொல்வோம். அது என் வாயிலிருந்து வந்த கணமே எனக்குத் தெரிந்தது. மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கோவில்காரர், "பாத்தியா, அவங்களே சொல்லிட்டாங்க" என்று எழுந்துவிட்டார். அக்கா மெல்லத் தலையாட்டினார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். கணவர் எழுந்ததும் அவரும் எழுந்தார். இறங்கிப் போகும்போது படியில் மூன்று பேருடைய காலடிச் சத்தம்தான் கேட்டது.

"நான் சொன்னதெல்லாம் சொன்னாயா?" என்று மேடம் கேட்டார்.

"சொன்னேன்" என்றேன்.

புதன்கிழமை பத்து மணியை மேடம் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கோப்பி ஆறிப்போக, உட்கார்ந்திருப்பார். நான் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொள்வேன். அக்கா எங்கள் மேல் சலித்துக்கொள்ளக்கூடியவர் இல்லை, வருவார் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அவர் ஏன் வரவில்லை என்று தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் முழுவதையும் சொல்லியிருந்தாலும் அந்தப் பிள்ளைக்காக அவர் போயிருக்கலாம். இத்தனை வருஷமாக அதை நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஒருநாளும் அது என்னைத் தேற்றியதில்லை.

ஐந்து மாதம் கழித்து அதே தாதி தொலைபேசியில் கூப்பிட்டார். நானும் மேடமும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் கணவர் மடியில் ஒரு பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். "படியில விழுந்துட்டா. செங்குத்தான மரப்படி. எத்தன தடவ சொல்லியிருக்கேன், பாத்து எறங்குன்னு."

தலை முழுக்கக் கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணால் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். என்ன நடந்தது என்று மேடம் கேட்டார். நான் கேட்டேன்.

"படியில விழுந்துட்டேன் மிஸ்ஸி."

"உண்மையச் சொல்லுங்க அக்கா. அவரு வெளியிலதான் இருக்காரு. காதுல விழாது."

"பாப்பா இன்னும் நாத்தனார் வீட்டுலதான் இருக்கு" என்றார்.

மேடம் மருத்துவரிடம் பேசப் போனார். அந்த இடைவெளியில் நான் கட்டிலோரம் குனிந்து, அன்றைக்குச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். ஒரு வாக்கியம் விடவில்லை. கொன்றுவிடக்கூடும் என்று மேடம் பயந்தது, வக்கீல், நீதிமன்றம், தினமும் கூட வருகிறேன் என்றது, கோபமில்லை என்றது, எந்த நேரமும் திரும்பி வரலாம் என்றது, உங்களால் முடியும் என்றது. அழுதுகொண்டே சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எனக்குத் தெரியும் மிஸ்ஸி" என்றார். "மேடம் ரொம்ப நேரம் பேசினாங்க. நீங்க ரெண்டே வார்த்த சொன்னீங்க. மிச்சம் என்னன்னு கேக்கலாமான்னு பாத்தேன்."

"கேட்டிருக்கலாமே அக்கா."

"உங்களுக்குக் கை நடுங்கிச்சு. பாவமா இருந்துச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். வயது முப்பது ஆகியிருக்காது.

மேடம் தன் குறிப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். எட்டு மாதக் குறிப்புகள், வீட்டைவிட்டு வருவதற்கு முன்னால் நடந்தவை. அவர் விழுந்த நாளைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. அந்தப் படியில் என்ன நடந்தது என்று பக்கத்து அறைக்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக அவருடைய வாயால் கேட்டவள் நான்தான் என்பதால் என்னை வாக்குமூலம் கொடுக்க வரச் சொன்னார்கள். அப்பா போகக்கூடாது என்றார். போனேன்.

சார்ஜண்ட் ஒரு தமிழர், நரை விழுந்தவர். எனக்கு நாற்காலி போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மணிக்கட்டு, இடுப்பு வார், முதல் பிள்ளை, புக்கிட் மேரா வீடு. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவரு தள்ளினத நீங்க பாத்தீங்களா மிஸ்?"

"இல்ல."

"தள்ளினாருன்னு அவங்க சொன்னாங்களா?"

"பாப்பா நாத்தனார் வீட்டுல இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கு அர்த்தம் அதுதான் சார்."

"எனக்கும் புரியுது லா. புரிஞ்சத எழுத முடியாது. சொன்னதத்தான் எழுத முடியும்." பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். "என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்டப்போ, அவங்க என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க."

சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

சொன்னேன். அவர் அதை ஆங்கிலத்தில் எழுதி, சரியாக இருக்கிறதா என்று என் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்துப் பிழைகூட இல்லை. படியில் கால் தவறித் தானே விழுந்துவிட்டதாக இறந்தவர் என்னிடம் கூறினார் என்று இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.